‘சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது’ என்றால் மாறுவது எது?

கேள்வி: பறவைகளும் விலங்குகளும் தாம் வாழும் இடத்துக்கு ஏற்பத் தங்களை எப்படி மாற்றிக்கொள்கின்றன? பாலைவனத்திலும் பனியிலும் பிழைக்கத் தெரிந்த உயிர்கள், பூமி சூடானால் அதற்கும் பழகிக்கொள்ளாதா?

‘மாற்றிக்கொள்கின்றன’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் கிடக்கின்றன. வெயில் ஏறியதும் நாய் நாக்கைத் தொங்கவிட்டு நிழல் தேடுகிறது. இது நடத்தை, நிமிடங்களில் நடந்து முடியும். குளிர்காலம் நெருங்கும்போது குதிரைக்கு ரோமம் அடர்ந்து வளர்கிறது. இது உடல் பழகுவது; வாரங்கள் பிடிக்கும். பென்குயினின் முன்கை துடுப்பாக இருப்பது மூன்றாவது வகை. இதற்குப் பல்லாயிரம் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. உயிரியலில் தகவமைப்பு என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டில் தனி உயிர் மாறுகிறது. மூன்றாவதில் எந்தத் தனி உயிரும் மாறுவதில்லை. எது குஞ்சு பொரித்தது, எது பொரிக்காமல் செத்தது என்ற கணக்கால் கூட்டத்தின் சராசரி மாறுகிறது, அவ்வளவே. இதைக் குழப்பிக்கொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தப்பான விடைதான் கிடைக்கும்.

அந்தக் கணக்கைக் கண்ணெதிரே எண்ணிப் பார்த்த இடம் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர். அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கிருந்த ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியது நெருஞ்சி இனச் செடியின் முள்ளோடு கூடிய கெட்டிக் காய். நெருஞ்சி காலில் குத்தியவர்களுக்கு அதை உடைப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுத்தரத் தரை ஃபிஞ்ச் ஏறக்குறைய 1,200 இருந்தது 200க்கும் கீழே போனது. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து வருவது என்பதால் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும் தடித்த அலகோடு வந்தன.

இங்கே எந்தக் குருவியும் கெட்டிக் காயைக் கொத்திக் கொத்தி அலகைப் பெருக்கிக்கொள்ளவில்லை. தடித்த அலகுக் குருவிகள் வறட்சிக்கு முன்பே கூட்டத்தில் இருந்தன. அவை இல்லாதிருந்தால் மொத்தக் கூட்டமும் போயிருக்கும். 1982-83இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) கொட்டித் தீர்த்த மழையில் தீவு முழுக்கச் சிறுவிதைச் செடிகள் மண்டின. அடுத்த சில ஆண்டுகளில் சிறிய அலகுக்காரர்கள் முந்தினார்கள். ஆக, தகவமைப்புக்கு ‘முன்னேற்றம்’ என்று ஒரு திசை கிடையாது. அந்த ஆண்டு தட்டில் என்ன விதை இருந்ததோ அதுதான் திசை.

இதற்கு மூன்று முன்தேவைகள் உண்டு. கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும்; அது மரபுவழி கடத்தப்படுவதாக இருக்க வேண்டும்; அந்த வேறுபாட்டால் பிழைப்பதோ இனம் பெருக்குவதோ கூடவோ குறையவோ வேண்டும். ஒன்று குறைந்தாலும் தகவமைப்பு நகராது.

இனி உடலுக்கு வருவோம். வாழிடம் போடும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை வெறும் இயற்பியல். குளிரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் பரப்பு 6, கொள்ளளவு 1. பத்து சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் பரப்பு 600, கொள்ளளவு 1,000. வெப்பம் உண்டாவது கொள்ளளவில், வெளியேறுவது பரப்பின் வழியாக. எனவே பெரிய உடல் தன் எடையின் ஒவ்வொரு கிராமுக்கும் குறைவான வெப்பத்தையே இழக்கிறது. அண்டார்டிக் குளிர்காலத்தில் முட்டையிடும் எம்பரர் பென்குயின் ஒரு மீட்டருக்கு மேல் உயரமும் முப்பது கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. நிலநடுக்கோட்டில் வாழும் கலாபகோஸ் பென்குயின் அரை மீட்டர் உயரம், இரண்டு கிலோ சொச்சம். ஒரே இனத்துக்குள்ளும் குளிர்ப் பகுதியில் வாழ்பவை பருத்திருக்கும் என்பதை 1847இல் ஜெர்மானிய உயிரியலாளர் பெர்க்மான் எழுதினார். அங்கே காது, வால், கால் குட்டையாக இருக்கும் என்று 1877இல் அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் சேர்த்தார். இவற்றை ‘விதி’ என்று அழைத்தாலும் விதிவிலக்குகள் ஏராளம். வளைக்குள் பதுங்கியோ உறங்கியோ குளிரைத் தப்புகிற உயிருக்கு உடலைப் பெருக்கும் கட்டாயமில்லையே.

பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்கும் கடற்காகத்தின் கால் ஏன் உறைவதில்லை? பலரும் ‘கால் சூடாக இருப்பதால்’ என்பார்கள். உண்மை நேர்மாறானது: கால் சில்லிட்டிருப்பதால்தான் பறவை பிழைக்கிறது. உடலுக்குள் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் இரத்தம் தமனி வழியே காலுக்கு இறங்கும்போது, பாதத்திலிருந்து குளிர்ந்து ஏறிவரும் சிரையோடு ஒட்டி உரசிக்கொண்டு போகிறது. இறங்கும் சூடு பக்கத்துக் குழாயில் ஏறிவரும் இரத்தத்துக்கு மாறி உடலுக்கே திரும்பிவிடுகிறது. பாதத்துக்குப் போய்ச் சேரும் இரத்தம் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்தால் போதும். பனிக்கட்டிக்கும் பாதத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு, ஆகவே இழப்பும் குறைவு. அந்தக் குளிரில் கால் எப்படி வேலை செய்யும் என்றால், பறவையின் பாதத்தில் தசை அநேகமாக இல்லை. இயக்கும் தசைகள் மேலே, இறகுப் போர்வைக்குள். கீழே வருவது நரம்புக் கயிறு போன்ற தசைநாண் மட்டுமே. டால்பினின் துடுப்பிலும் இதே குழாய் அமைப்பு இருக்கிறது.

வெப்பத்தைத் தள்ள வேண்டியிருந்தால் இதே குழாய்கள் மறுபக்கம் திறக்கும். டூக்கான் பறவையின் பெரிய அலகைப் பழம் பறிக்கும் கருவியாக மட்டுமே வெகுகாலம் பார்த்தார்கள். 2009இல் வெப்பக் கேமராவில் பார்த்தபோது, சூடு கூடும்போது அலகுக்கு இரத்தத்தைத் திறந்துவிடுவதும் குளிரும்போது மூடுவதும் தெரிந்தது. ஆப்பிரிக்க யானைக்குக் காது செய்யும் வேலையை டூக்கானுக்கு அலகு செய்கிறது.

தண்ணீர்ப் பஞ்சம் இன்னும் சுவையான விஷயம். ஒட்டகத் திமிலில் தண்ணீர் இல்லை, கொழுப்புதான். கொழுப்பை எரித்தால் ஒரு கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம் தண்ணீர் உண்டாகும் என்பதும் உண்மைதான். ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு வாங்க வேண்டும். வறண்ட காற்றில் அந்த மூச்சோடு போகும் ஈரம் வரவை விழுங்கிவிடும். திமில் உணவுக் கிடங்கு. கொழுப்பை உடல் முழுக்கப் போர்த்தாமல் முதுகில் குவித்துவைத்ததால் மற்ற இடங்களில் வெப்பம் தாராளமாக வெளியேறுகிறது.

ஒட்டகத்தின் உண்மையான வித்தை உடல் வெப்பநிலையை ஏறவிடுவது. தண்ணீர் கிடைக்காத நாட்களில் விடியற்காலை 34 டிகிரியில் தொடங்கி, பிற்பகல் 40 வரை விட்டுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிலோ உடல், ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற 0.8 கிலோகலோரி, ஆறு டிகிரி ஏற்றம்: 2,400 கிலோகலோரி. இதே வெப்பத்தை வியர்வையால் போக்கினால், ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி என்ற விகிதத்தில், நான்கு லிட்டர் தண்ணீர் செலவாகும். அந்த நான்கு லிட்டர் மிச்சம். இரவுக் குளிரில் சூடு இலவசமாகக் கழிந்துவிடும். முதுகு ரோமத்தை மழித்துவிட்டால் நிழல் போய்த் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காவதையும் அளந்திருக்கிறார்கள். தடித்த கம்பளி வெயிலுக்குக் கேடு என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

கங்காரு எலிக்கு இந்த வித்தை ஒத்துவராது. சிறிய உடல் நிமிடங்களில் கொதித்துவிடும். அது பகல் முழுக்க வளைக்குள் இருக்கிறது. வட அமெரிக்கப் பாலையில் உலர்ந்த விதையை மட்டுமே தின்று, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வாழ்நாளை ஓட்டிவிடும். 100 கிராம் உலர்ந்த வாற்கோதுமை செரித்தால் ஏறக்குறைய 54 கிராம் தண்ணீர் பிறக்கும். அதை வைத்துக்கொண்டு செலவைச் சுருக்க வேண்டும்: குளிர்ந்த மூக்குப் பாதையில் மூச்சின் ஈரம் மறுபடி படிகிறது, சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்குகிறது. இந்த வரவு செலவு எங்கே உடையும் தெரியுமா? புரதம் மிகுந்த உணவு கொடுத்தால். யூரியா பெருகும், அதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும், எலி குடிக்காமல் தாக்குப்பிடிக்காது. ஒரு தகவமைப்பைச் சொல்லும்போது அதோடு சேர்ந்த உணவையும் இடத்தையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

பறவைகளுக்கு இந்த யூரியாச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அவை கழிவைக் கிட்டத்தட்டத் திடமான யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். கடற்பறவைகளுக்கு உப்பு வேறு தொல்லை. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். மனிதச் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பைச் செறித்து வெளியேற்ற முடியாது என்பதால்தான் கடல்நீர் குடித்தால் தாகம் கூடுகிறது. கடற்காகம், அல்பட்ராஸ் போன்றவற்றுக்குக் கண்ணருகே உப்புச் சுரப்பி இருக்கிறது. அது 5 சதவீத அளவுக்குச் செறிந்த உப்புநீரை மூக்கு வழியே சொட்டவிடும். பறவைக்குச் சளி என்று நினைத்துவிட வேண்டாம்.

குஞ்சுக்குத் தண்ணீர் சுமக்கும் பறவையும் உண்டு. கல்கௌதாரி இன ஆண் பறவைகளின் வயிற்று இறகில் நுண்கிளைகள் சுருள் கம்பிபோல் சுருண்டிருக்கும். நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆண் பறவை நீர்நிலையில் வயிற்றை ஆட்டி ஆட்டி நனைத்துக்கொண்டு பல கிலோமீட்டர் பறந்து வரும். குஞ்சுகள் இறகை உறிஞ்சும். மற்ற பறவைகளுக்கு இறகு நனையாதிருப்பதுதான் உயிர்நாடி, இதற்கு நனைவது.

உயரத்தில் நடப்பது உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாக உதவும். மங்கோலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இமயத்தைத் தாண்டி வலசை போகும் பட்டைத்தலை வாத்தின் ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. நுரையீரலும் பெரிது. பறவை நுரையீரலே பாலூட்டியுடையதைவிட மேலான அமைப்பு: காற்றுப்பைகள் துருத்திபோல் இயங்க, காற்று ஒரே திசையில் ஓடும், பழைய காற்றும் புதிய காற்றும் கலப்பது குறைவு. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் பதிவான உச்ச உயரம் ஏறக்குறைய 7,290 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாற்பது சதவீதம்தான். எவரெஸ்டுக்கு மேலே பறப்பதாகச் சொல்வார்கள்; பதிவுகள் காட்டுவது அதுவல்ல. பெரும்பாலும் 6,000 மீட்டருக்குக் கீழேயே, தரையை ஒட்டி ஏறி இறங்கித்தான் போகிறது. அடர்ந்த காற்றில் பறப்பது மலிவு.

சமவெளி மனிதர் மலைக்குப் போனால் சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இரத்தம் கெட்டிப்பட்டு இதயத்துக்குச் சுமையாகும். ஆண்டீஸ் மலைவாழ் மக்களில் சிலருக்கு இதுவே நாள்பட்ட நோயாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகத் திபெத்தில் வாழ்பவர்களிடம், இந்தப் பெருக்கத்தை அடக்கிவைக்கும் மரபணு வகை பரவியிருப்பது 2010இல் தெரிந்தது. உடல் தானாகச் செய்யும் பழக்கமும், தலைமுறைகள் தேர்ந்தெடுத்த தகவமைப்பும் ஒன்றுக்கொன்று எதிராகக்கூடப் போகலாம்.

பழகும் திறனைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. வலசைக்கு முன் பட்டைவால் மூக்கன் உடலில் கொழுப்பை ஏற்றி, குடல், இரைப்பை போன்றவற்றைச் சுருக்கிக்கொள்கிறது. பறக்கும்போது வெட்டிச்சுமை எதற்கு? 2022இல் ஐந்து மாதப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் தரையிறங்காமல் கடந்தது. ஐரோப்பிய மூஞ்சூறு குளிர்காலத்தில் மண்டையோட்டையே சுருக்கிக்கொண்டு வசந்தத்தில் மறுபடி வளர்க்கிறது. வட அமெரிக்க மரத்தவளை உடல்நீரில் மூன்றில் இரண்டு பங்குவரை உறைந்து, இதயம் நின்று, இளவேனிலில் உருகி எழுகிறது. உயிரணுக்களுக்குள் நிறைந்த குளுக்கோஸ் அவற்றைக் காக்கிறது.

தெரியாத பறவை ஒன்றைப் பார்த்து அதன் வாழிடத்தை ஊகிக்க விரும்பினால் காலிலிருந்து தொடங்குங்கள். அலகு சாப்பாட்டைச் சொல்லும், கால்தான் இடத்தைச் சொல்லும். விரல்களுக்கிடையே முழுச் சவ்வு என்றால் நீந்துவது. உடலுக்குப் பொருந்தாத நீண்ட விரல் என்றால் இலைக்கோழிபோல் மிதக்கும் இலைமேல் எடையைப் பரப்பி நடப்பது. இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாகவும், வால் இறகு விறைத்தும் இருந்தால் மரத்தண்டு ஏறுவது. காலே இல்லாததுபோல் சிறுத்திருந்தால் உழவாரன்போல் வானத்திலேயே வாழ்வது. அடுத்து சிறகு: நீண்டு ஒடுங்கியது கடற்காற்றில் சறுக்க, அகன்று, நுனி இறகுகள் விரல்போல் பிரிந்தது தரையின் வெப்பக்காற்றில் வட்டமிட, குட்டையாக உருண்டது காட்டுக்குள் சட்டென்று திரும்ப.

இந்த விளையாட்டில் ஓர் ஆபத்து உண்டு. எல்லா உறுப்புக்கும் ஒரு காரணக்கதை சொல்லிவிடலாம். மரங்கொத்தியின் மண்டையோடு அதிர்வுதாங்கி என்று வெகுகாலம் எழுதினார்கள். 2022இல் வேகக் கேமராவில் அளந்தபோது அது விறைத்த சுத்தியல்போல் இயங்குவது தெரிந்தது. அதிர்வை விழுங்கினால் மரத்தில் இறங்கும் அடி வீணாகுமே! மூளை சிறிதாக இருப்பதே அதற்குப் போதுமான காப்பு. ஆகவே ஒரு பண்பைத் தகவமைப்பு என்று சொல்லுமுன் இரண்டைக் கேளுங்கள்: வேறிடத்தில் வாழும் நெருங்கிய உறவினங்களிடம் அது இல்லாமலிருக்கிறதா? அதே இடத்தில் வாழும் உறவற்ற உயிர்களிடம் அது இருக்கிறதா? உழவாரனும் தகைவிலானும் உறவல்ல, இருந்தும் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பதால் உருவம் ஒத்துப்போனது. இப்படிப்பட்ட பொருத்தம் நல்ல சாட்சி.

சரி, பூமி சூடானால்? சிக்கல் வெப்பத்தைவிட அறிகுறியில் இருக்கிறது. வட அமெரிக்கப் பனிமுயல் குளிர்காலத்தில் வெள்ளையாவது பனியைப் பார்த்து அல்ல, பகல் குறைவதைப் பார்த்து. பகல் நீளம் பல்லாயிரம் ஆண்டுகள் நம்பகமான நாட்காட்டியாக இருந்தது. இப்போது பனி தாமதமாக விழுகிறது. முயலோ பழைய தேதியில் வெளுத்து, பழுப்பு மண்ணில் விளக்குப்போல் நிற்கிறது. நெதர்லாந்தில் ஈப்பிடிப்பான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துசேர்வதற்குள் கம்பளிப்புழுக்களின் உச்சம் முடிந்துவிடுகிறது. புழுக்கள் மிகவும் முந்திவிட்ட காடுகளில் அப்பறவை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் பதிவானது. ஆமைக்குஞ்சு வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பிச் சாலை விளக்கை நோக்கிப் போவதும் இதே கதை. உடல் கெடவில்லை, அறிகுறி பொய்யாகிவிட்டது.

தலைமுறைக் கணக்கும் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டில் எலிக்கு நூறு தலைமுறை கடந்துவிடும், யானைக்கு இரண்டு. பெரிய அல்பட்ராஸ் பத்து வயதை ஒட்டித்தான் முதல் முட்டையிடும், அதுவும் இரண்டாண்டுக்கு ஒன்று. எனவே எண்ணிக்கையும் வேறுபாடும் மிகுந்து, விரைவில் பெருகும் இனங்களுக்கு வாய்ப்பிருக்கிறது. பின்லாந்தில் பழுப்பு, சாம்பல் என இரு நிறங்களில் இருக்கும் ஆந்தையில், பனி குறைந்த குளிர்காலங்களில் பழுப்பின் பங்கு கூடியது. டாஃப்னி குருவிகள்போல் இங்கும் இரு வகையும் முன்பே கூட்டத்தில் இருந்தன.

மற்றவற்றுக்கு எஞ்சுவது இடம்பெயர்வு: துருவத்தை நோக்கி, அல்லது மலையில் மேல்நோக்கி. பெருவின் பாண்டியாகொய்யா மலையில் 1985இல் எந்தப் பறவை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 2017இல் அதே சரிவில் மறுபடி எடுத்தபோது பெரும்பாலானவை மேலே நகர்ந்திருந்தன. அந்த மலை 1,400 மீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. முதல் கணக்கில் உச்சியை ஒட்டி வாழ்ந்த இனங்களில் சில, இரண்டாவது கணக்கில் அந்த மலையில் எங்கும் தென்படவில்லை.